எட்டுத் திசை, எட்டுப் பெயர்

அடி அண்ணாமலை

அன்பு மருமகனே,

"மாமா, லினக்ஸ் போட்டுவிட்டேன். புத்தகத்தில் நெட்வொர்க் கார்டின் பெயர் ஈத்0 என்று இருக்கிறது, எனக்கு ஈஎன்பி3எஸ்0 என்று காட்டுகிறது. பழைய பெயருக்கே மாற்றிவிடட்டுமா?" என்று போனில் கேட்டாய். மாற்றாதே. ஏன் என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

விடுமுறைக்கு வந்தபோது என்னோடு கிரிவலம் நடந்தாயே, நினைவிருக்கிறதா? நம் ஊர் ஆதி அண்ணாமலையார் கோயிலிலிருந்து கிளம்பினால் முதலில் வருவது வாயு லிங்கம். டவுனில் ராஜகோபுரத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இந்திர லிங்கம்தான் முதல். முதல் லிங்கம், இரண்டாம் லிங்கம் என்று பெயர் வைத்திருந்தால் ஆளுக்கொரு கணக்காகியிருக்கும். நம் பெரியவர்கள் மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கங்களுக்கும் திசையை வைத்துப் பெயரிட்டார்கள். 14 கிலோமீட்டர் பாதையில் எங்கே தொடங்கி நடந்தாலும் தென்கிழக்கில் இருப்பது அக்னி லிங்கம், வடக்கில் இருப்பது குபேர லிங்கம். வருகிறவர் வரிசை மாறலாம், இடம் மாறாது.

ஈத்0 என்பது வரிசைப் பெயர். கம்ப்யூட்டர் எழும்போது கெர்னல் எந்தக் கார்டை முதலில் கண்டுபிடிக்கிறதோ அது ஈத்0, அடுத்தது ஈத்1. ஒரே கார்டு இருக்கும்வரை தொல்லையில்லை. இரண்டு இருந்தால், டிரைவர்கள் ஒரே நேரத்தில் ஏறும்போது இன்று முந்தியது நாளை பிந்தலாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், சர்வரில் ஈத்0 வெளியே இன்டர்நெட்டுக்கு, ஈத்1 உள்ளே ஆபீசுக்கு. ஃபயர்வால் விதிகளை அந்தப் பெயர்களை நம்பி எழுதியிருந்தேன். ஒருநாள் புதிதாக ஒரு கார்டு செருகி ரீபூட் செய்தேன். பெயர்கள் இடம் மாறிவிட்டன. வெளிவாசலுக்குப் போட்ட பூட்டு உள்வாசலில் தொங்கியது. வெளிவாசல் திறந்து கிடந்தது. கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துத்தான் எது எது என்று கண்டுபிடித்தேன்.

அந்தக் காலத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கார்டுக்குள் பதிந்திருக்கும் மேக் முகவரியைக் குறித்துவைத்து, 'இந்த எண் வந்தால் இந்தப் பெயர்' என்று ஒரு கோப்பில் எழுதிவிடுவார்கள். ஆனால் கார்டு பழுதாகி அதே ஸ்லாட்டில் வேறொன்றைப் போட்டால், அது புது ஆளாகிப் புதுப் பெயர் வாங்கிக்கொள்ளும். செட்டிங் எல்லாம் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும்.

சரி, எது எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மதர்போர்டைச் செய்தவருக்குத் தெரியும். அவர் அதை ஃபர்ம்வேரில், அதாவது பயாஸ் இருக்கும் இடத்தில், எஸ்எம்பயாஸ் என்ற அட்டவணையாக எழுதி வைக்க முடியும். போர்டிலேயே பதிந்த கார்டு எத்தனையாவது, எந்த ஸ்லாட்டின் எண் என்ன என்ற விவரம் அதில் இருக்கும். டெல் நிறுவனத்தார் இதைப் படித்துப் பெயர் வைக்கும் பயாஸ்டெவ்நேம் என்ற நிரலை எழுதினார்கள். 2011இல் ஃபெடோரா 15 என்ற லினக்ஸ் பதிப்பு அதை ஏற்றது. 2013 ஜனவரியில், லினக்ஸை எழுப்பி நடத்தும் சிஸ்டம்டி நிரலின் 197ஆம் பதிப்பு தனக்கென்று ஒரு பெயரிடும் முறையைக் கொண்டுவந்தது. டெபியன் லினக்ஸுக்கு அது 2017இல் வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். உன் அக்காவுக்கு அரசு கொடுத்த, பாஸ் போட்ட லேப்டாப்பில் ஈத்0 என்று பார்த்திருப்பாய். அது இந்தப் புது முறை வருவதற்கு முந்தைய காலம்.

பெயரைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொள். ஈஎன் என்றால் ஈதர்நெட். ஈஎன்ஓ1 என்றால் போர்டில் பதிந்த முதல் கார்டு. ஈஎன்எஸ்2 என்றால் ஸ்லாட் எண் 2. இந்த இரண்டும் ஃபர்ம்வேர் சொன்ன எண்கள். ஃபர்ம்வேர் எதுவும் சொல்லவில்லையென்றால், பிசிஐ பாதையில் கார்டு இருக்கும் இடத்தை வைத்துப் பெயர் அமையும். உன் ஈஎன்பி3எஸ்0 அந்த வகை: பஸ் எண் 3, அதில் ஸ்லாட் 0.

இந்த மூன்றாம் வகையில் ஒன்றைக் கவனித்துக்கொள். கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் புதிதாகச் செருகினால் பஸ் எண்கள் நகரக்கூடும். 3 என்பது 4 ஆகலாம். அதனால்தான் ஃபர்ம்வேர் எண்ணுக்கு முதலிடம். அந்த எண் கிடைக்காத மெஷினில், நீயே ஒரு லிங்க் கோப்பு எழுதி உள்வாசல், வெளிவாசல் என்று பொருள்படும் பெயர்களை வைத்துக்கொள். ஈத் என்று மட்டும் வைக்காதே. கெர்னல் தானாகக் கொடுக்கும் பெயரோடு மோதும்.

இன்று மாலையே ஒன்று செய். டெர்மினலைத் திறந்து, 'ஈதர்டூல் -பி' கட்டளையோடு கார்டின் பெயரையும் கொடு. டிரைவர் இடம் கொடுத்தால், கம்ப்யூட்டரின் பின்னால் அந்த ஒரு துளையின் விளக்கு மட்டும் மினுக்கும். திரையில் இருக்கும் பெயர் கையில் தொடும் பொருள்தான் என்று அப்போது உனக்கே தெரியும். அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதி, கேபிளில் கட்டிவிடு. உனக்குப் பின் அந்த மெஷினைத் திறக்கிறவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வழி தவறமாட்டார்.

அன்புடன்,
உன் மாமா