விமானத்தையும் தின்னுமா உப்பு?

இந்த மாதச் சுவரிதழில் அறிவியல் பகுதியை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் ராக்கெட் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் விமானம் பற்றி எழுதுகிறேன். அது எப்படிப் பறக்கிறது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பறந்து வந்த விமானத்தை என்ன பார்க்க வேண்டும், பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் நம்ம தமிழ்நாட்டில் இருந்து கிளம்பிய விமானம். 2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. சென்னை பக்கத்தில் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இருந்து காலை 8.30 மணி அளவில் ஏ.என்.-32 என்ற போக்குவரத்து விமானம் அந்தமானின் போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. (அந்த ஊருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.) இரண்டு புரொப்பல்லர் உள்ள விமானம் அது. அன்று உள்ளே 29 பேர். ஆறு பேர் விமானத்தை இயக்கும் குழு. மற்றவர்களில் விமானப்படை, தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை ஆட்கள் இருந்தார்கள். எட்டுப் பேர் சண்டை போடுகிறவர்களே இல்லை, விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த ஊழியர்கள்.

9.12 மணி வாக்கில், 23,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்த விமானம் இடது பக்கமாகத் திரும்பி, மளமளவென்று உயரம் இழந்து ரேடாரில் இருந்து மறைந்தது. ஆபத்து என்று ஒரு செய்தி கூட வரவில்லை. கப்பல், விமானம், நீர்மூழ்கிக் கப்பல் எல்லாம் வைத்து வாரக்கணக்கில் தேடினார்கள். ஒரு சீட்டு, ஒரு செருப்பு கூடக் கிடைக்கவில்லை. செப்டம்பர் 15-ம் தேதி, 29 பேரும் இறந்ததாகக் கருதப்படுகிறது என்று குடும்பங்களுக்குச் சொல்லிவிட்டார்கள்.

ஏன் கிடைக்கவில்லை? இதில் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. விமானம் விழுந்தால் தானாகவே ரேடியோ சிக்னல் அனுப்பும் கருவி ஒன்று உண்டு. நிலத்தில் விழுந்தால் சரி. ஆனால் கடல் தண்ணீர் உப்புத் தண்ணீர், மின்சாரத்தைக் கடத்தும். ரேடியோ அலையை அது கொஞ்ச தூரத்திலேயே விழுங்கிவிடும். அதனால் கடல் மேலே பறக்கிற பயணிகள் விமானங்களில் இன்னொரு கருவியும் வைப்பார்கள். அது ரேடியோ அனுப்பாது, ஒலி அனுப்பும். தண்ணீர் பட்டதும் நொடிக்கு ஒரு தடவை 'டிக்' என்று 37.5 கிலோஹெர்ட்ஸ் ஒலி. நம்ம காதுக்குக் கேட்காது, கப்பலில் உள்ள கருவிக்குக் கேட்கும். முப்பது நாளாவது அடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஏ.என்.-32-ல் இந்தக் கருவி இல்லை என்று அப்போதே செய்திகள் வந்தன.

அப்புறம் ஏழரை வருஷம். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆள் இல்லாமல் தானே நீந்தும் ஆழ்கடல் வாகனம் ஒன்றை அந்தப் பகுதிக்குள் அனுப்பியது. அது ஒலி அலையால் தரையைத் தடவிப் பார்த்து, படமும் எடுத்தது. 3,400 மீட்டர் ஆழத்தில் உடைந்த விமானத் துண்டுகள்! அது ஏ.என்.-32-ன் துண்டுகளோடு ஒத்துப்போகிறது என்று 2024 ஜனவரி 12-ம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. நம்ம பக்கத்து முத்துக்குளிகாரர்கள் பத்துப் பாகம் மூழ்கினாலே பெரிய மூச்சுக்காரன் என்பார்கள். இது 1,850 பாகத்துக்கும் மேலே. அங்கே தண்ணீர் அழுத்தும் அழுத்தம் நம்ம மேல் உள்ள காற்றழுத்தத்தைப் போல 340 மடங்கு.

அந்த ஜூலை மாதத்திலேயே மூன்று தடவை அந்த விமானத்தில் சின்னச் சின்னக் கோளாறுகள் வந்து சரி செய்யப்பட்டன என்று பத்திரிகைகள் எழுதின. அதனால்தான் விழுந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை, நானும் அப்படி எழுத மாட்டேன். துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் காரணம் சொன்னால் அது ஜோசியம்.

துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்த ஒரு விபத்தைச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டுத்தான் எனக்கு இந்தக் கட்டுரை எழுத வேண்டும் என்றே தோன்றியது.

2017 ஜூலை 10. அமெரிக்கா. அவர்களுடைய மரைன் படையின் கே.சி.-130டி விமானம் வட கரோலினாவில் இருந்து கலிபோர்னியா பக்கம் போனது. ஆளும் சரக்கும் ஏற்றும், நடுவானில் மற்ற விமானங்களுக்கு எண்ணெயும் கொடுக்கும். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் நான்கு அலகு உள்ள புரொப்பல்லர். மிசிசிப்பி மாநிலத்தின் மேலே 20,000 அடியில் போகும்போது, இரண்டாம் எஞ்சினின் ஒரே ஒரு அலகு கழன்று பறந்தது. அது விமானத்தின் இடது பக்கத்தைக் கிழித்து உள்ளே வந்துவிட்டது. அந்த அதிர்ச்சியில் வலது பக்கத்து எஞ்சினின் புரொப்பல்லரும் பிய்ந்து வந்து விமானத்தில் மோதியது. விமானம் ஆகாயத்திலேயே துண்டாகி வயல்காட்டில் விழுந்தது. 16 பேர். ஒருவர் கூடப் பிழைக்கவில்லை.

வயலில் இருந்து அந்த அலகைப் பொறுக்கி, உடைந்த இடத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். உள்பக்கம் ஒரு சின்னக் குழி. அரிமானம் தின்ற குழி. அதில் இருந்துதான் விரிசல் கிளம்பியிருக்கிறது.

இங்கேதான் நம்ம ஊர் உப்பு வருகிறது. அலுமினியம் இரும்பு மாதிரி துருப்பிடிக்காது என்று நாம் படித்திருக்கிறோம். அதன் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் தானாகவே உண்டாகிச் சட்டை மாதிரி காப்பாற்றும். ஆனால் உப்பில் உள்ள குளோரைடு அயனி அந்தச் சட்டையில் எங்கேயாவது பொத்தல் போடும். அந்த ஒரு பொத்தலுக்குள்ளேயே அரிமானம் தொடரும். வாய் குண்டூசி முனை அளவுதான் இருக்கும், உள்ளே ஆழமாகப் போகும். விசைப்படகில் டிரைவராக இருக்கிற எங்க மாமாவிடம் இதைச் சொன்னேன். "ஏல, உப்பு கடிக்கது வெளிய தெரியாதுல. உள்ளதாம்ல தின்னுக்கிட்டுக் கெடக்கும். பெயிண்டு அடிச்சுட்டா சரியாயிருமா?" என்றார். விசாரணை அறிக்கை பல பக்கத்தில் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்!

எப்படி என்றால், அந்த அலகு 2011-ல் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள வார்னர் ராபின்ஸ் என்ற விமானப்படைப் பழுதுபார்ப்பு மையத்துக்கு முழுப் பராமரிப்புக்குப் போனது. அங்கே அரிமானத்தைத் தேடிப் பிடித்து, முழுசாகச் சுரண்டி எடுத்துவிட்டு, அதன் பிறகு ஆனோடைசிங் என்ற பாதுகாப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். ஆனால் விபத்துக்குப் பிறகு பார்த்தால் குழிக்கு உள்ளேயே அந்தப் பூச்சு இருக்கிறது. அப்படியென்றால் பூசும்போதே குழி இருந்திருக்கிறது. குழியை எடுக்காமல் மேலே பூசி, சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பூச்சே சாட்சி சொல்லிவிட்டது, பாத்தீங்களா?

அப்புறம் ஆறு வருஷம் அது சுற்றியது. ஒரு கம்பியை இங்கேயும் அங்கேயும் வளைத்துக்கொண்டே இருந்தால் பட்டென்று ஒடியும் இல்லையா, அதுதான் உலோகச் சோர்வு. புரொப்பல்லர் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அலகு கொஞ்சம் வளையும், விரிசலும் கொஞ்சம் கொஞ்சமாக நீளும்.

கண்ணுக்குத் தெரியாத விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது? பிளஸ் டூ அண்ணன்களுக்குத் தெரியும், சுழல் மின்னோட்டம் என்று ஒரு பாடம் வரும். மாறுதிசை மின்னோட்டம் ஓடுகிற கம்பிச்சுருளை உலோகத்தின் பக்கத்தில் கொண்டுபோனால் உலோகத்துக்குள் வட்ட வட்டமாக மின்னோட்டம் உண்டாகும். வழியில் விரிசல் இருந்தால் அது சுற்றிப் போக வேண்டி வரும், கருவியில் முள் ஆடும். அம்புட்டுதான். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுகிற அந்தப் பாடத்தால் பதினாறு உயிரைக் காப்பாற்றி இருக்கலாம். அந்தச் சோதனையை மரைன் படைப்பிரிவும் செய்ய வேண்டிய சமயத்தில் செய்ததற்குப் பதிவேடு இல்லை என்று அறிக்கை சொல்கிறது.

2011-ல் அந்த அலகைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யார்? தெரியாது. அந்தக் காகிதங்களை இரண்டு வருஷம்தான் வைத்திருப்பார்களாம், அப்புறம் அழித்துவிடுவார்கள். அலகு ஆறு வருஷம் பறக்கும், அதன் பதிவேடு இரண்டு வருஷம்தான் இருக்கும். இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவே இல்லை. நம்ம பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டைக்கூட இதைவிடப் பத்திரமாகக் கட்டி வைக்கிறார்கள்.

நம்ம ஏ.என்.-32-களின் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1984-ல் இருந்து சோவியத் நாட்டில் வாங்கியவை. பழசாகிவிட்டதால் 105 விமானங்களைப் புதுப்பிக்க 2009-ல் உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு பகுதி அங்கே, மீதி கான்பூரில் உள்ள விமானப்படைப் பணிமனையில் என்று ஏற்பாடு. 2014-ல் ரஷ்யா, உக்ரைன் தகராறு வந்ததும் உதிரிபாகம் வருவது சிக்கலாகிவிட்டது. கான்பூரில் ஸ்பேனர் பிடித்து நிற்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எங்கேயோ நடக்கிற சண்டை அவர் கைக்கு வர வேண்டிய சாமானை நிறுத்திவிடுகிறது.

கடைசியாக ஒரு சோதனை. இந்தச் சுவரிதழுக்குக் கீழே சன்னல் திண்டில் இரண்டு பாட்டில் வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே அலுமினியத் தகட்டில் வெட்டிய துண்டு, அதன் மேல் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது. ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் உப்பளத்துத் தண்ணீர். பத்து நாள் கழித்துக் கம்பியைக் கழற்றி, அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்க்கலாம். வெள்ளைப் பொடி தெரிந்தால் அதைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அதுவரை தயவுசெய்து யாரும் பாட்டிலைக் குலுக்க வேண்டாம். ஆறாம் வகுப்புத் தம்பிகளுக்கு இதைத் தனியாகவும் சொல்லிவிட்டேன்.