பாபநாசத்தில் 144 அடி: பிள்ளைகளுக்கு டெஸ்டிங் சொல்லித்தர ஒரு வழி

சாஃப்ட்வேர் டெஸ்டிங் வகுப்பு என்றால் முதல் நாளே வரையறைகளை எழுதிப் போடுவது நம் வழக்கம். பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ சனிக்கிழமை வகுப்பு எடுக்க நினைப்பவர்கள் அதை மூன்றாவது வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். செலினியம் போன்ற டெஸ்டிங் டூல்களும் அதுவரை காத்திருக்கட்டும்.

பிள்ளைகள் பிளஸ் டூதானே என்றும் தயங்க வேண்டாம். ஜோஹோ மென்பொருள் நிறுவனம் நடத்தும் ஜோஹோ பள்ளி அப்படிப்பட்டவர்களைத்தான் சேர்க்கிறது. தென்காசியிலும் அது நடக்கிறது.

முதல் வகுப்புக்கு ஓர் எக்செல் தாள் போதும். மழைக்காலத்தில் பேப்பரைப் புரட்டும் எந்த வீட்டுக்கும் அணைகளின் உச்ச நீர்மட்டம் தெரியும்: பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. அணைக்கு ஒரு வரி போட்டு, நீர்மட்டக் கட்டத்துக்கு டேட்டா வேலிடேஷன் வையுங்கள். அதில் வேண்டுமென்றே தவறு செய்யுங்கள். "143-க்குக் குறைவு" என்று வைத்தால், பாபநாசம் நிரம்பிய அன்று பதிவு ஏறாது. மூன்று அணைக்கும் அதே விதி என்றால், மணிமுத்தாறில் 130 அடி தண்ணீர் நிற்கும். முழு எண் மட்டும் என்று வைத்தால் 142.5 அடிக்கு இடமில்லை.

தவறு இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். முதலில் 100, 120 என்று நடுவிலேயே தட்டிப் பார்ப்பார்கள், ஒன்றும் சிக்காது. கொஞ்ச நேரம் கழித்து 142, 143, 144, பிறகு 0, -1 போடச் சொல்லுங்கள். பிழைகள் கரையோரத்தில்தான் ஒதுங்கும் என்பது அவர்களுக்கே புரிந்தபின், இதற்கு எல்லை மதிப்புச் சோதனை என்று பெயர் என்று சொன்னால் மறக்காது. யாராவது 500-ஐ வேறு கட்டத்திலிருந்து காப்பி எடுத்து ஒட்டிப் பார்த்தால் எக்செல் தடுக்காது. அந்தப் பிள்ளை மேல் ஒரு கண் வையுங்கள். டெஸ்டர் ஆகும் ஆள்.

இரண்டாவது வகுப்பில் எல்லையையே சந்தேகிக்கப் பழக்குங்கள். மழையளவுக்கு ஒரு கட்டம் சேர்த்து, உச்சவரம்பு 500 மி.மீ. என்று வையுங்கள். எல்லோரும் சரி என்பார்கள். அப்போது 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைவுபடுத்துங்கள்: காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மி.மீ. கொட்டியது. உண்மையான மழையை நம் தாள் பொய் என்று தள்ளியிருக்கும். இந்த 500 எங்கிருந்து வந்தது, யார் சொன்னது என்று கேட்கும் துணிச்சல் எந்த டூலை விடவும் பெரிய பாடம். இதற்கு ஒரு வகுப்பு முழுவதும் போனாலும் நஷ்டமில்லை.

தமிழையும் சோதிக்கச் சொல்லுங்கள். "திருநெல்வேலி" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் பன்னிரண்டு குறியீடுகள். ஊர்ப்பெயருக்குப் பத்துதான் என்று வரம்பு வைத்த நிரல் அதைத் "திருநெல்வே" என்று நறுக்கிவிடும்.

அடுத்து, பிழை அறிக்கை. "ஒர்க் ஆகல" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும்: மூன்றும் வேண்டும். "பாபநாசம் வரியில் 143 என்று தட்டி என்டர் அழுத்தினேன், ஏற்கவில்லை, 143 உச்ச நீர்மட்டம் என்பதால் ஏற்க வேண்டும்" என்பது நல்ல அறிக்கை. பிறகு அறிக்கைகளை மாற்றிக் கொடுத்து, வாய் திறக்காமல் அதே பிழையை வரவழைக்கச் சொல்லுங்கள். "ஏல, எப்படிப் பண்ணுன?" என்று ஒருவன் கேட்டுவிட்டால் எழுதியவன் மறுபடி எழுத வேண்டும்.

கை பழகியதும், அரசுத் தளங்களிலும் வங்கித் தளங்களிலும் போய்த் துழாவக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அனுமதியில்லாமல் உள்ளே புகுந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 பாயும். அதற்குப் பதிலாக லிப்ரெஆஃபிஸை இறக்கி, தமிழில் தட்டச்சு செய்து, தேடி, வரிசைப்படுத்திப் பார்க்கட்டும். அதன் பிழைப் பதிவேடு எல்லோருக்கும் திறந்தது. அதே பிழையை வேறு யாராவது முன்பே பதிந்திருக்கிறார்களா என்று தேடிவிட்டு, இல்லையென்றால் பதியலாம். ஆங்கிலம் நாலு சின்ன வாக்கியம் போதும். ஸ்கிரீன்ஷாட் ஒன்றும் இணைக்கச் சொல்லுங்கள்.