ஒரு வாக்கின் மதிப்பு

அலிப்பூர்த் தேசிய நூலகத்தில் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார்: “குடியரசுத் தலைவர் தேர்தலில் வங்கச் சட்டமன்ற உறுப்பினர் வாக்கும் தமிழக உறுப்பினர் வாக்கும் சமமா?” சமமல்ல. கணக்கிட்டுப் பார்ப்போம்.

அரசியலமைப்பின் 55ஆம் பிரிவு கூறும் வழி எளிது. மாநில மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வரும் ஈவை 1000ஆல் வகுக்க வேண்டும். மீதி 500க்குக் குறையாவிடில் ஒன்று கூட்டவேண்டும்.

மேற்கு வங்கம்: 4,43,12,011 ÷ 294 ÷ 1000 = 150.72, மதிப்பு 151.
தமிழ்நாடு: 4,11,99,168 ÷ 234 ÷ 1000 = 176.06, மதிப்பு 176.

தனி வாக்கில் தமிழகம் மிகுதி. ஆயினும் உறுப்பினர் எண்ணிக்கையால் பெருக்கினால் வங்கத்துக்கு 44,394, தமிழகத்துக்கு 41,184. மக்கள்தொகைக்கேற்ற பங்கு என்பதே இதன் நியதி.

ஆனால் இவை 1971ஆம் ஆண்டின் தொகைகள்! மக்கட்பெருக்கைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் நட்டமடையலாகாது என்று 1976இல் 42ஆம் திருத்தம் இவற்றை நிறுத்திவைத்தது. 2001இன் 84ஆம் திருத்தம், 2026க்குப் பிந்திய முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரை அதனை நீட்டித்தது.

இருபத்துமூன்று வயதான நான் அக்கணக்கில் எங்குமில்லை. புதிய கணக்கில், இங்கேயே வாழ்ந்தால், வங்கத்தில் ஒருவனாவேன். குடும்பத்தை அளவாக்கிய தமிழகத்தின் குரல் அன்று குறையுமோ? தோழர்களே, சிந்தியுங்கள்.