நாளைக்கும் வரவேண்டும்

"எந்தச் செயலி நல்லது டீச்சர்?" என்றுதான் நீங்கள் முதலில் கேட்டீர்கள். எட்டுப் பேரும் கல்லூரி முடித்தவர்கள், அல்லது முடிக்கப் போகிறவர்கள். இந்த மே மாதம் நம் ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பெடுக்க முன்வந்தவர்கள். உங்களைத் திண்ணையில் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. உடன்குடியைச் சுற்றியுள்ள தேரிக்காட்டு ஊர்களில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியையாக 34 வருடம் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு 6 கோடை வகுப்புகள் நடத்தினேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதித் தருகிறேன். செயலி நான்காவதாகத்தான் வரும்.

1. பள்ளி நடக்கிற மாதங்களில் பிள்ளை வராவிட்டால் ஆள் அனுப்பிக் கூப்பிடலாம். மே மாதத்தில் அந்த அதிகாரம் யாருக்கும் கிடையாது. பிடித்தால் வரும், பிடிக்காவிட்டால் தேரி மணலில் விளையாடப் போய்விடும். அதனால் பாடமோ பாட்டோ போனோ, எதை எடுக்கும் முன்னும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதைச் செய்தால் இந்தப் பிள்ளை நாளைக்கும் வருமா?

இது என் ஊர் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன், டல்லஸ், பிட்ஸ்பர்க், ராச்செஸ்டர், ஃபுளோரிடாவின் டுவால் கவுண்டி என 5 இடத்துப் பொதுப் பள்ளி நிர்வாகங்கள், மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு 2013, 2014 ஆகிய இரண்டு கோடைகளிலும் ஐந்தாறு வார வகுப்புகள் நடத்தின. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் கூடவே இருந்து அளந்தது. கட்டணம் இல்லை, போக வர பஸ் உண்டு, சாப்பாடு உண்டு. அப்படியும் முதல் கோடையில் பெயர் கொடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை ஒருநாள்கூட வரவில்லை. 20 நாளோ அதற்கு மேலோ வந்த பிள்ளைகளிடம் கணக்கில் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அந்த 20 என்ற எண்ணை உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். நம்முடைய கோடையும் ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் கொடுக்கும்.

2. வகுப்பு நேரத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். முதல் கோடையில் நான் காலை 9 மணிக்கு வைத்தேன். நாலு பேர் வந்தார்கள். மற்றவர்களைச் சோம்பேறிகள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வீடு வீடாகப் போன பிறகுதான் புரிந்தது. சித்திரையும் வைகாசியும் பதநீர்க் காலம். அப்பா விடியுமுன் பனையேறப் போய்விடுகிறார். அம்மா விடிலிக் கொட்டகையில் பதநீர் காய்ச்சுகிறாள். மூத்தது அடுப்புக்கு ஓலையும் விறகும் தள்ளுகிறது, இளையது கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறது. "மத்தியானம் வரைக்கும் ஆளு வேணும் டீச்சர், பொறவு எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு தாய் சொன்னாள். அன்றிலிருந்து மாலை 5 மணி, வேப்பமரத்தடி. இருபத்துமூன்று பிள்ளைகள் வந்தார்கள்.

கோவில் கொடை நடக்கும் நாட்களில் வகுப்பு வேண்டாம். கொடை முடிந்த மறுநாள், ராட்டினத்தைப் பற்றியும் வில்லுப்பாட்டைப் பற்றியும் பிள்ளைகள் சொல்லச் சொல்ல நீங்கள் பலகையில் எழுதுங்கள். அன்றைய வாசிப்புப் பாடம் அதுதான். நாளைக்கு வேறு மாவட்டத்துக்குப் போனால் அங்கே பனைக்குப் பதிலாக முந்திரி இருக்கும், செங்கல் சூளை இருக்கும். அங்கேயும் முதலில் தாய்மாரிடம் கேளுங்கள்.

3. பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் பாடத்தைத் தொடங்காதீர்கள். எந்த வகுப்பு என்று கேட்டால் வயதுதான் தெரியும். கிராமப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பில் 2005 முதல் பயன்படும் முறை எளிமையானது: எழுத்து, சொல், சின்னப் பத்தி, ஒரு கதை. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே, மற்றவர்கள் காதில் விழாத தூரத்தில் உட்காரவைத்து, எதுவரை வாசிக்கிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். கணக்குக்கும் அப்படியே: எண் தெரிகிறதா, கடன் வாங்கிக் கழிக்க வருகிறதா, வகுக்க வருகிறதா. பிறகு வகுப்பை மறந்துவிட்டு நிலையைப் பார்த்துக் குழு பிரியுங்கள். நம் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான்.

இங்கே ஒரு முள் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். சொல் வாசிப்பாள், வாக்கியத்தில் தடுமாறுவாள். நிலைப்படி அவளை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்தேன். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. வீட்டுக்குப் போனேன், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு முகம் காட்ட மறுத்தாள். "எனக்குத் தொண்டை கட்டியிருக்கு தாயி, நாளைக்கு இந்தச் சின்னஞ்சிறுசுகளுக்கு நீதான் கதை வாசிச்சுக் காட்டணும்" என்று ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிரவே வீட்டில் நாலைந்து தடவை வாசித்துப் பார்த்திருக்கிறாள். மறுநாள் வந்து, நின்று, வாசித்தாள். அந்தக் கோடை முழுக்க என் தொண்டை சரியாகவே இல்லை. அவள் ஒருநாளும் வராமல் இருக்கவும் இல்லை.

4. இப்போது செயலி. 2022 ஜூன் 1 முதல் 12 வரை, பள்ளி திறக்கும் முன், தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை கூகுளின் ரீட் அலாங் செயலியை வைத்து வாசிப்பு மராத்தான் ஒன்று நடத்தியது. கொரோனாவுக்குப் பின் மாலை வகுப்பெடுத்த இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் தங்கள் போனைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வாசித்தார்கள். எங்கள் தெருவிலும் நடந்தது, அன்றைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளை சத்தமாக வாசிக்கிறது, செயலி கேட்கிறது, தவறினால் அந்தச் சொல்லில் நின்று திருத்துகிறது, சரியாக வாசித்தால் நட்சத்திரம் கொடுக்கிறது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் போனிடம் கூச்சமில்லாமல் வாசித்தான். அது சிரிக்காது, சலிக்காது, பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லாது. அந்தத் துணிச்சலை அவனுக்கு என்னால் கொடுக்க முடிந்ததில்லை. அதனால் போனைக் குறை சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை.

அதே தெருவில் இன்னொன்றையும் பார்த்தேன். நட்சத்திரத்துக்காக ஒரே நாலு வரிக் கதையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண். அவள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் இருந்த தன்னார்வல அக்கா, "அந்த நாய் ஏன் வீட்டை விட்டுப் போச்சு?" என்று கேட்டாள். பிள்ளை முதல்முறையாகத் திரையிலிருந்து தலையைத் தூக்கியது. யோசித்தது. பிறகு கதையைப் புதிதாக, மெதுவாக வாசித்தது.

செயலியைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் அளவுகோல் இந்த அக்காதான். அவள் உட்கார இடம் விடுகிற செயலி நல்லது. ஒரு பிள்ளைக்கு ஒருநாளில் 15 நிமிடம், முடிந்ததும் ஒரு கேள்வி. மதிப்பெண்ணைக் குறிக்காதீர்கள், அந்தக் கேள்விக்குப் பிள்ளை சொன்ன பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருவி தரும் பலன் எவ்வளவு நாள் நிற்கும் என்பதையும் பாருங்கள். குஜராத்தின் வதோதராவில் மாநகராட்சிப் பள்ளிகளுக்கு, பள்ளிக்கு 4 கணினி வீதம் அரசு கொடுத்திருந்தது. பெரும்பாலானவை சும்மா கிடந்தன. 2002 முதல் இரண்டு ஆண்டுகள் பிரதம் என்ற தொண்டு அமைப்பு அவற்றைத் திறந்து, நாலாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு பேருக்கு ஒரு கணினி என்று உட்காரவைத்து, வாரத்துக்கு 2 மணி நேரம், அவரவர் நிலைக்கேற்ற கணக்கு விளையாட்டுகளைக் கொடுத்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் அளந்து பார்த்தபோது கணக்கில் பெரிய முன்னேற்றம் இருந்தது. திட்டம் நின்று ஓராண்டு ஆனதும் அதில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. முதல் பாதியைப் படித்து உற்சாகப்படுங்கள், இரண்டாம் பாதியைப் படித்து ஜூன் மாதத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். அந்த ஏற்பாட்டைக் கடைசியில் சொல்கிறேன்.

5. வீட்டுக்கு ஒரு போன் இருக்கும், அது அப்பாவுடையது. இரவில்தான் வீட்டுக்கு வரும், வரும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். "வீட்டில் போய்ப் பாருங்கள்" என்று எதையும் சொல்லிவிடாதீர்கள். பார்க்க முடியாத பிள்ளை மறுநாள் வர வெட்கப்படும். தேவையானதை முதல் நாள் இரவே உங்கள் போனில் இறக்கி வையுங்கள். மரத்தடியில் சிக்னல் வரும் என்று நம்பாதீர்கள். சின்ன ஸ்பீக்கர் ஒன்று புரொஜெக்டரைவிட உதவும். மே மாதத்தில் ஐந்து மணி வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் யாருக்கும் தெரியாது.

6. 2018-இல் புதுப் பாடநூல்கள் வரத் தொடங்கியதிலிருந்து புத்தகத்துக்குள்ளேயே க்யூஆர் கோடு இருக்கிறது. அதை ஒருமுறைகூட ஸ்கேன் செய்து பார்க்காத வீடுகள் நிறைய. முதல் வாரத்தில் ஒரு மாலை தாய்மாரை அழைத்து, அவர்கள் கையாலேயே செய்யவையுங்கள். 2019 ஆகஸ்ட் முதல் ஒளிபரப்பாகும் கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் உண்டு. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படங்களோடு இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிடவும் அனுமதி உண்டு. பத்துக் கதையை அச்சிட்டு நூல் கோர்த்துத் தையுங்கள். பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளலாம். வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்கள் பள்ளியில் பூட்டிக் கிடந்தால், தலைமையாசிரியரிடம் கையெழுத்துப் போட்டு இரவல் வாங்குங்கள்.

7. "லீவில் எல்லாம் மறந்துபோகும்" என்று பெற்றோரைப் பயமுறுத்தாதீர்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் 1982-இல் சுமார் 800 முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பின்தொடரத் தொடங்கிய ஆய்வு, ஏழைப் பிள்ளைகள் பின்தங்குவது பெரும்பாலும் கோடைகளில்தான் என்றது. அந்த இடைவெளியில் பெரும்பகுதி பள்ளியில் சேரும் முன்பே உண்டாகிவிடுகிறது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. நம் பிள்ளைகள் லீவிலும் கணக்கோடுதான் இருக்கிறார்கள்: விடிலியில் கலயம் எண்ணுகிறார்கள், பதநீர் அளக்கிறார்கள், கருப்பட்டி எடை போடுவதைப் பார்க்கிறார்கள். இத்தனை லிட்டர் பதநீருக்கு எத்தனை கிலோ கருப்பட்டி என்று கேளுங்கள். புத்தகத்தின் வகுத்தல் கணக்கில் விழித்த பையன் இதற்கு விரல்கூட மடக்காமல் பதில் சொன்னான். அதற்கப்புறம் அதே கணக்கை அவனே பலகையில் எழுதினான்.

8. பசியோடு இருக்கும் பிள்ளை வாசிக்காது. பள்ளி மூடினால் காலை உணவும் மதிய உணவும் கூடவே நின்றுவிடுகின்றன. சுண்டலோ வேர்க்கடலையோ ஏதாவது இருக்கட்டும். நுங்குக் காலத்தில் எங்களுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை, பனையேறிகளே குலையோடு இறக்கித் தந்தார்கள்.

9. தண்ணீர்ப் பானை உங்கள் பொறுப்பு.

10. பிள்ளைகளின் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். எழுத்துக்கூட்டும் பிள்ளையை வீடியோ எடுத்து "முன்பு, பின்பு" என்று காட்டுவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். அந்தப் பிள்ளைக்கு நாளை பதினெட்டு வயதாகும், அன்றைக்கும் அந்த வீடியோ இருக்கும். செயலியில் பெயர், பிறந்த தேதி, போன் எண் கேட்டால் பதிவு செய்யும் முன் பெற்றோரிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டுகிற நிறுவனங்கள் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துப் பெறவேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. விளம்பரம் குறுக்கே வரும் செயலியை எடுக்கவே வேண்டாம்.

11. உங்களால் என்ன ஆகிவிடும் என்று சந்தேகம் வரும். ஐந்தாம், ஆறாம் நாளில் கட்டாயம் வரும். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். கொரோனாவுக்குப் பின் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைக் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ ஆகியோர் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் பெரிய இழப்பு தெரிந்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். அந்த மாலை வகுப்புகளை நடத்தியவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வாங்கிக்கொண்டு, கோவில் மண்டபத்திலும் வீட்டு வாசலிலும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்கள்.

12. நான்காவதில் சொன்ன ஜூன் மாத ஏற்பாடு இது. கடைசி நாளில் சான்றிதழ் அச்சடித்துக் காசைச் செலவழிக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கம் எழுதுங்கள். முதல் நாள் எதுவரை வாசித்தது, கடைசி நாள் எதுவரை வாசித்தது, எத்தனை நாள் வந்தது, எந்தக் கதையைத் திரும்பக் கேட்டது, எந்தக் கணக்கில் இன்னும் தடுமாறுகிறது, யார் பக்கத்தில் உட்கார்ந்தால் வாய் திறக்கிறது. பள்ளி திறக்கும் நாள் காலையில் நீங்களே போய் அந்தந்த வகுப்பு ஆசிரியர் கையில் கொடுங்கள். அன்றைக்குப் பாடநூல், சீருடை, சேர்க்கை என்று அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும், முகம் கொடுத்துப் பேச முடியாது. நீங்கள் காத்திருங்கள். மதிய மணி அடித்ததும் ஒரு பத்து நிமிடம் கிடைக்கும்.