கிருமி எங்கே? வெள்ளை அணுக்களையே கேட்போம்!

ஒருத்தருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சுன்னு வெச்சுக்குங்க. இப்போ அங்கே மறுபடியும் வலி. பொருத்திய மூட்டு தளர்ந்திருக்கலாம், இல்லன்னா அதைச் சுற்றி பாக்டீரியா தொற்று வந்திருக்கலாம். வெறும் தளர்வுன்னா ஒரே அறுவை சிகிச்சையில் மூட்டை மாற்றிடலாம். தொற்றுன்னா, பல நேரங்களில் மூட்டைக் கழற்றி, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்து, அப்புறம்தான் புது மூட்டு. எக்ஸ்ரேயில் ரெண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி தெரியும். அப்போ எப்படி முடிவெடுப்பது?

தொற்று இருக்கும் இடத்துக்கு முதலில் ஓடுவது நம்ம வெள்ளை அணுக்கள். அணு மருத்துவத்தில் அதையே உளவாளி ஆக்குறாங்க. நோயாளியிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்து, வெள்ளை அணுக்களைப் பிரித்து, டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை அதற்குள் ஏற்றி, திரும்ப அவருக்கே ஊசி மூலம் செலுத்துவாங்க.

டெக்னீசியம் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிரை வெளியிடும். அது உடலைத் தாண்டி வந்து கேமராவில் உள்ள சோடியம் அயோடைடு படிகத்தில் பட்டதும் சின்ன ஒளி மின்னும். போட்டோமல்டிப்ளையர் குழாய்கள் அதை மின் சிக்னலாக மாற்றும். முன்னால் இருக்கும் ஈயத் தகட்டின் துளைகள் நேராக வரும் கதிரை மட்டும் உள்ளே விடும். அதனால்தான் கதிர் எந்த இடத்திலிருந்து வந்ததுன்னு கணக்கிட முடியுது.

படம் ஒரு தடவை எடுத்தால் போதாது. சுமார் 4 மணி நேரத்தில் ஒன்று, 20 முதல் 24 மணி நேரத்தில் இன்னொன்று. தொற்று இருந்தால் அணுக்கள் சேர்ந்துகிட்டே போகும். அந்த இடம் நேரம் ஆக ஆகப் பிரகாசமாகும். இங்கே ஒரு சிக்கல் இருக்கு. டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். 24 மணி நேரத்தில் 4 அரை ஆயுள், அதாவது மிச்சம் 16-ல் 1 பங்குதான்! அதனால் அடுத்த நாள் படத்துக்கு கேமராவை அதிக நேரம் ஓட்டணும். அப்போதான் ரெண்டு படத்தையும் நியாயமா ஒப்பிட முடியும்.

இன்னொரு குழப்பம்: எலும்பு மஜ்ஜையும் வெள்ளை அணுக்களை இழுக்கும். அதற்கு சல்பர் கொலாய்டு கொடுத்து மஜ்ஜையைத் தனியாகப் படம் எடுப்பாங்க. ரெண்டு படத்திலும் ஒரே இடம் ஒளிர்ந்தால் அது மஜ்ஜை. வெள்ளை அணு படத்தில் மட்டும் ஒளிர்ந்தால் தொற்றுன்னு சந்தேகிக்கலாம். சிக்னலிலிருந்து இரைச்சலைக் கழிக்கும் அதே கணக்குதான்!

ஆனா இந்த முறை காட்டுவது நம்ம உடலின் எதிர்வினையை. பாக்டீரியாவை நேரடியாக இல்லை. சிப்ரோஃப்ளாக்சசின் மருந்திலேயே டெக்னீசியத்தைக் கட்டி அனுப்பிப் பார்த்தாங்க. கிருமி இல்லாத வீக்கத்திலும் அது சேர்வதாகச் சில ஆய்வுகள் காட்டின. யூபிக்விசிடின் என்ற புரதத்தின் சிறு துண்டு இன்னொரு முயற்சி. நேர் மின்னூட்டம் கொண்ட அது, பாக்டீரியாவின் எதிர் மின்னூட்டச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். கிருமியை மட்டும் தேடிப் பிடிக்கும், எல்லாரும் நம்பும் ஒரு தடமறிபொருள் இன்னும் தேவைப்படுது. உங்க புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? இதையும் யோசிச்சுப் பாருங்க!