தாம்பரத்திலிருந்து காட்டுக்கும் ஏரிக்கும்

இயற்கையோடு நடப்பது, மலையேறுவது என்றாலே கொடைக்கானல் போக வேண்டும் என்பதில்லை. தாம்பரத்துக்காரர்கள் முதலில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் தொடங்கலாம். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற இடம் இது. துரைப்பாக்கம் ரேடியல் சாலையோரச் சுற்றுச்சூழல் பூங்காவில் காலையிலேயே போய் நின்றால் தாழைக்கோழி, நாரை, கொக்கு எல்லாம் கண்ணில் படும். 8x42 பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் போங்கள்; பொறுமையாக நிற்பதுதான் முக்கியம். பார்த்ததை இலவச இ-பேர்ட் செயலியில் பதிந்தால், அது ஆய்வாளர்களுக்கும் பயன்படும்.

அடுத்து வேடந்தாங்கல். செங்கல்பட்டு வரை மின்சார ரயில், பிறகு பேருந்து. நல்ல மழை பெய்த ஆண்டில் டிசம்பர், ஜனவரியில் நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் மரம் மரமாகக் கூடு கட்டியிருக்கும். மழை பொய்த்த ஆண்டில், ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மலைப்பாதை வேண்டுமா? 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தை 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளுடன் தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதை நமக்குப் பக்கம். ஆதிமனிதர் வாழ்ந்த தடம் அது; பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள். அனுமதியின்றி, வழிகாட்டியின்றிக் காட்டுக்குள் நுழையவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ, மலையேறச் சென்ற பலரின் உயிரைக் கொண்டுபோனது. கோடையில் காட்டுப் பாதையே வேண்டாம்.

கிளம்புமுன் படிக்க: மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்', தியடோர் பாஸ்கரனின் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக'. எடுத்துச்செல்ல: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை, குப்பையைத் திருப்பி எடுத்துவர ஒரு பை.