ஃப்ரிட்ஜுக்கு டிஜிட்டல் தெர்மோஸ்டாட்: ஒரு செய்முறைப் பாடம்

டில்லியில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் ஃப்ரிட்ஜில் இட்லி மாவும் பாலும் இருக்கும். பெரியவர்கள் உள்ள பல வீடுகளில் இன்சுலினும் இருக்கும். மாவு இரண்டு டிகிரி கூடினால் சற்றுப் புளிக்கும், ஊத்தப்பம் வார்த்துவிடலாம். இன்சுலினுக்கு அந்தச் சலுகை கிடையாது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், பிறகு உருகினாலும் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. உருகிய மருந்து பார்வைக்கு நல்லதுபோலவே இருக்கக்கூடும் என்பதுதான் இதில் கவலைக்குரிய விஷயம்.

ஃப்ரீஸருக்கு வெளியே வைத்த மருந்து உறையுமா என்று கேட்கலாம். ஜனவரி மாதத்தில் உறைய வாய்ப்புண்டு. காரணத்தைச் சொல்கிறேன்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் உள்ள தெர்மோஸ்டாட் ஒரு மெல்லிய உலோகக் குழாய். அதற்குள் வாயு அடைத்திருப்பார்கள். குழாயின் நுனி ஃப்ரீஸர் தகட்டோடு ஒட்டியிருக்கும். தகடு குளிர்ந்தால் வாயுவின் அழுத்தம் குறைந்து, துருத்தி போன்ற ஒரு சிறு உறுப்பு சுருங்கி, சுவிட்சைப் பிரித்துவிடும். ஆக, அது அளப்பது தகட்டின் குளிர்ச்சியை. நம் பால் பாத்திரம் இருக்கும் தட்டின் குளிர்ச்சியை அதற்குத் தெரியாது. தட்டின் வெப்பநிலை, தகட்டுக்கும் சமையலறைக்கும் நடுவில் எங்கோ நிற்கும். ஜூனில் நம் சமையலறை 38 டிகிரி, ஜனவரியில் 12 டிகிரி. மே மாதம் குமிழை 5-ல் திருப்பி வைத்துவிட்டு மறந்தவர் வீட்டில், பொங்கல் சமயத்தில் தக்காளி கல்லாக விறைப்பது இதனால்தான். ஊரில் இந்தத் தொல்லை அதிகம் கிடையாது. சென்னைச் சமையலறைக்குக் குளிர்காலம் ஏது?

பழைய ஏ.சி. ரயில் பெட்டிகளில் பாதரச தெர்மோஸ்டாட் இருந்தது. பயணிகளிடமிருந்து திரும்பி வரும் காற்றின் பாதையில் அதைப் பொருத்தியிருப்போம். எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதனருகில் அளப்பதுதான் முறை. டிஜிட்டல் கட்டுப்பாட்டுக் கருவியால் அதையே வீட்டு ஃப்ரிட்ஜிலும் செய்யலாம். சில நூறு ரூபாய்க்கு பகீரத் பேலஸிலும் லஜ்பத் ராய் மார்க்கெட்டிலும் விசாரித்து வாங்கலாம். உள்ளங்கை அளவுப் பெட்டி, முகப்பில் சிவப்பு எண்கள், ஒயர் நுனியில் ஒரு சிறிய சென்ஸார். சென்ஸாருக்குள் இருப்பது வெப்பம் ஏறினால் மின்தடை குறையும் ஒரு மணி. அதை அளந்து, பெட்டிக்குள் உள்ள ரிலே மின்சாரத்தைக் கொடுக்கும், நிறுத்தும்.

பாய்மரப் படகுகளில் மாதக்கணக்கில் வாழ்கிறவர்கள் இதைத் தங்கள் சிறு ஃப்ரிட்ஜுகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். அங்கே பாட்டரிதான் மின்சாரம். கம்ப்ரசர் வீணாக ஓடினால் இரவு விளக்குக்கு மிச்சமிருக்காது. ஆனால் படகு முறையை அப்படியே வீட்டில் செய்யக் கூடாது. 12 வோல்ட் படகு கம்ப்ரசர்களில் தெர்மோஸ்டாட் கம்பியில் ஓடுவது வெறும் சைகை மின்னோட்டம். நம் வீட்டில் மோட்டாரின் முழு மின்னோட்டமும் ரிலே வழியாகப் போகும். ஓடும்போது ஓர் ஆம்பியர் என்றாலும், கிளம்பும் கணத்தில் அது பல மடங்கு. கருவியின்மேல் 10 ஆம்பியர் என்று போட்டிருப்பது ஹீட்டர் போன்ற சாதுவான சாமான்களுக்கான கணக்கு. மோட்டார் கிளம்பும்போது ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளலாம். 30 ஆம்பியர் ரிலே உள்ளதை வாங்குங்கள், அல்லது தனியாக ஒரு கான்டாக்டர் போடச் சொல்லுங்கள்.

ஃப்ரிட்ஜின் உள் ஒயரைத் தொட வேண்டாம். ஒரு மூடிய பெட்டியில் கருவியையும் எர்த்துடன் கூடிய ஒரு சாக்கெட்டையும் வயர்மேனைக் கொண்டு பொருத்தி, ஃப்ரிட்ஜின் பிளக்கை அதில் செருகினால் போதும். இது 230 வோல்ட். ஈரக் கை படும் இடத்தில் வைக்காதீர்கள். பழைய குமிழை வேண்டியதற்கு ஒரு படி கூடுதல் குளிரில் விட்டுவிடுங்கள். புதிய ரிலே ஒட்டிக்கொண்டாலும் பழையது ஓரளவு காவல் நிற்கும். கருவி மின்சாரத்தை நிறுத்தியிருக்கும்போது கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியாது. வீட்டில் எல்லாருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மெக்கானிக்குக்குப் போன் போய்விடும்.

இனி எண்கள். பலரும் 4 டிகிரி என்று வைத்து, வித்தியாசம் என்ற இடத்தில் 0.3 போட்டுத் துல்லியம் என்று மகிழ்கிறார்கள். அப்படிச் செய்தால் கம்ப்ரசர் ஓயாமல் நின்று நின்று கிளம்பும். வித்தியாசம் 2 இருக்கட்டும். 6 டிகிரியில் கிளம்பி 4-ல் நிற்கும். இன்சுலினுக்கும் மாவுக்கும் அது போதும். சில கருவிகள் குறித்த எண்ணுக்கு மேலும் கீழுமாக வித்தியாசத்தைப் பிரித்துக்கொள்ளும், ஆகவே தாளைப் படித்துவிட்டு வையுங்கள். தாமதம் என்ற எண்ணை 5 நிமிடமாக வையுங்கள். நின்ற கம்ப்ரசரின் இரு பக்க அழுத்தமும் மெல்லிய குழாய் வழியாகச் சமமாகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் மின்சாரம் வந்தால் மோட்டார் முக்கி முனகி, டிக்கென்று காப்பு சுவிட்ச் விழும். கரண்ட் போய்ப் போய் வரும் வீடுகளில் கம்ப்ரசர் சீக்கிரம் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்ஸாரைக் காற்றில் தொங்கவிடக் கூடாது. குழந்தைகள் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது பதறும். கால் லிட்டர் தண்ணீர் பாட்டிலின் பக்கத்தில் டேப்பால் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் சுற்றி, நடுத்தட்டில் வையுங்கள். தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் குளிரும்; மருந்துக் குப்பியும் அப்படியே. இன்சுலின் டப்பாவை அதன் பக்கத்திலேயே, பின்சுவரில் படாமல் வையுங்கள்.

ஒட்டுவதற்கு முன் சென்ஸாரைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு சொம்பில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, இடைவெளி நிறையுமளவு தண்ணீர் விட்டுக் கலக்கி, சென்ஸார் நுனியை நடுவில் ஐந்து நிமிடம் பிடியுங்கள். 0 காட்ட வேண்டும். 1.2 காட்டினால் திருத்தம் என்ற இடத்தில் மைனஸ் 1.2 போடுங்கள்.

கருவி வாங்குமுன் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. முதல் செலவு அதற்குத்தான். ஃப்ராஸ்ட்-ஃப்ரீ, இன்வெர்ட்டர் வகை ஃப்ரிட்ஜுகளுக்கு இந்தக் கருவி ஆகாது. அவற்றில் பனி உருக்கும் ஏற்பாடும் மின்னணுப் பலகையும் தடையில்லாத மின்சாரத்தை எதிர்பார்த்து வேலை செய்கின்றன. அவை வைத்திருப்பவர்கள் நடுத்தட்டில் ஒரு தண்ணீர் டம்ளரில் தெர்மாமீட்டரை நிறுத்தி, தீபாவளிக்குப் பிறகு ஒருமுறையும் ஹோலிக்குப் பிறகு ஒருமுறையும் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளலாம்.